விருந்தாளி நலமாக இருக்கிறார்

பெயிண்டர் விழுந்தது ஒரு வங்கியின் பக்கச் சுவரிலிருந்து. சாரத்தில் நின்று மேல்மாடி ஜன்னலுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். பலகை வழுக்கியது. கீழே கொட்டிக் கிடந்த கருங்கல் குவியலில் வலது கால்தான் முதலில் போய் இறங்கியது. முட்டிக்கும் கணுக்காலுக்கும் நடுவில் எலும்பு நொறுங்கி, ஒரு துண்டு வெளியே வந்து மண்ணில் விழுந்தது. கூட வேலை செய்தவர்கள் அதைக் கழுவி, யாருடையதோ சாப்பாட்டு டப்பாவில் போட்டு, அவரோடு சேர்த்து ஆஸ்பத்திரியில் ஒப்படைத்தார்கள். மண் பட்ட எலும்பு இனி உதவாது என்று டாக்டர் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெயிண்டரின் மனைவி சலவைக்கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள், அப்படியே ஓடிவந்திருந்தாள். டப்பாவைக் கீழே வைக்கவும் மனமில்லாமல், திறந்து பார்க்கவும் தைரியமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ளங்கை நீளத்துக்கு எலும்பே இல்லைம்மா. காலை எடுத்துடலாம். இல்லைன்னா உயர்நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்க எலும்புக்குப் பதிலா ஏதோ புது உலோகம் வைக்கிறாங்களாம்" என்றார் அந்த டாக்டர்.

எலும்பு மீட்பு உயர்நிலையம் ஊருக்கு வெளியே, கண்ணாடிச் சுவர்களோடு, விமான நிலையம் மாதிரி இருந்தது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் வரவேற்பில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு கேட்டாள். "வீட்டுக்காரர் யாரு?"

மனைவி ஸ்ட்ரெச்சரைக் காட்டி, "இவர்தான் என் வீட்டுக்காரர்" என்றாள்.

"சந்தோஷம். விருந்தாளி நாளைக்கு வருவார்."

"எங்க வீட்டுக்கு யாரும் வர்றதா சொல்லலையேம்மா."

வேன் ஓட்டுகிற மச்சான், அதாவது மனைவியின் தம்பி, அக்காவின் காதில் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். நிலையத்தில் நோயாளி என்ற சொல் புழக்கத்தில் இல்லை. உடலை உடையவர் வீட்டுக்காரர். உள்ளே வைக்கப்படும் உலோகம் விருந்தாளி. இயக்குநர் வெளிநாட்டில் ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்த பிறகு இப்படி மாற்றியிருக்கிறார்கள்.

இயக்குநர் அன்றைக்கே வந்து பார்த்தார். வெள்ளைக் கோட்டு, நரைத்த தலை, நீளமான விரல்கள். பின்னால் இளம் டாக்டர்கள் ஒரு கும்பலாக நின்றார்கள். அவர் தட்டிலிருந்து ஒரு சாம்பல் நிறத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கடற்பஞ்சு மாதிரி முழுக்க ஓட்டை, ஆனால் தட்டினால் கணீரென்றது.

"டைட்டானியம். இதுல பெரும்பங்கு ஓட்டைதான். உலோகத்தை யார் வேணும்னாலும் செய்யலாம். ஓட்டையைச் செய்யிறதுலதான் எங்க உழைப்பே இருக்கு. உங்க எலும்பு ரெண்டு பக்கத்துல இருந்தும் இந்த ஓட்டைக்குள்ள புகுந்து வளரும். வளர்ந்து பிடிச்சுக்கும். வளர்ந்தா அது எங்க வெற்றி."

"வளரலைன்னா சார்?" என்று கேட்டார் பெயிண்டர்.

இயக்குநர் துண்டைத் தட்டில் வைத்தார். "வளர வேண்டியது உங்க எலும்பு ஆச்சே."

எல்லாரும் போன பிறகு மச்சான் சொன்னான். "ஓட்டைதான் சரக்குன்னா இவ்வளவு தூரம் வந்திருக்கவே வேண்டாம் மாமா. நம்ம வீட்டுக் கூரையைக் கழட்டிக் கொடுத்திருக்கலாம்."

அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாள் காலை இயக்குநரும் கும்பலும் கட்டிலருகே வந்து, கட்டிலைத் தாண்டி, சுவரில் இருந்த திரையின் முன்னால் போய் நின்றார்கள். எக்ஸ்ரேயில் பெயிண்டரின் கால் மங்கலாகவும் நடுவில் அந்தத் துண்டு பளிச்சென்றும் தெரிந்தது.

"எப்படி இருக்கார்?" என்றார் இயக்குநர்.

"நலமாக இருக்கிறார் சார்" என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில். ஒரு டாக்டர் மட்டும் கொஞ்சம் தாமதித்துச் சொன்னார். அவரை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரொம்ப வலிக்குது டாக்டர்" என்றார் பெயிண்டர்.

இயக்குநர் சட்டென்று திரும்பி, கவலையோடு திரையைச் சுட்டினார். "இவருக்கா?"

"எனக்கு."

"அப்ப சரி" என்று மூச்சு விட்டார் இயக்குநர்.

பெயிண்டர் நல்ல மனிதர். பெரிய இடத்துக்காரர்கள் சொன்னால் அதில் விஷயம் இருக்கும் என்று நம்புகிறவர். அதனால் விருந்தோம்பல் அலுவலர் வந்து, தினமும் வகுப்புக்கு வரவேண்டும் என்று சொன்னபோது, சக்கர நாற்காலியில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். அலுவலர் ஓர் அம்மாள். அவருக்குக் குரல் ஏறுவதே கிடையாது. கம்பளம் விரித்த அறையில் கை, கால், இடுப்பு என்று ஆளுக்கோர் இடத்தில் கட்டுப் போட்டவர்களை வட்டமாக உட்கார வைத்தார்.

"வந்தவர் தங்குறதும் கிளம்புறதும் வீட்டுக்காரரோட முகத்தைப் பொறுத்துதான். நீங்க மனசுக்குள்ள முகம் சுளிச்சா எலும்பும் சுளிக்கும். எல்லாரும் கட்டு மேல கையை வையுங்க. மெதுவா சொல்லுங்க. வாங்க. உட்காருங்க. இது உங்க வீடு."

முழங்கையில் உலோகம் வைத்திருந்த ஒரு சமையல்காரர், "எவ்வளவு நாளைக்கும்மா சொல்லணும்?" என்று கேட்டார்.

"வந்தவரைப் பாத்து எப்ப போவீங்கன்னு கேட்பீங்களா?" என்றார் அலுவலர். சமையல்காரர் முழங்கைக் கட்டின் மேல் கையை வைத்தார்.

பெயிண்டர் மனசாரச் சொன்னார். வீட்டுக்கு அனுப்பிய பிறகும் விடவில்லை. ஒருநாள் மனைவி கொடியில் கிடந்த துணியை எடுக்க அறைக்குள் போனபோது, அவர் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டு, "சௌகரியமா இருக்கீங்களா? குளிருதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் துணியை எடுக்காமலே திரும்பிவிட்டாள்.

ஆனால் வலி போகவில்லை. ஊன்றுகோலை விட்டுவிட்டுக் காலை ஊன்றினால், கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே, உள்ளே ஏதோ நறுக்கென்று அசைந்தது. பல் ஆடுமே, அது மாதிரி. பெயிண்டருக்கு அது நன்றாகவே தெரிந்தது. அடுத்த சோதனையில் இயக்குநரிடம் சொன்னார்.

"கீழ்ப்பக்கம் ஆடுது சார்."

"மேல்பக்கம்?"

"மேல ஒண்ணும் தெரியலை. கல்லு மாதிரி இருக்கு."

"அப்புறம் என்ன?"

"கீழ ஆடுது சார்."

இயக்குநர் படத்தைப் பார்த்தார். துண்டு பளிச்சென்று, ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. கீழ் முனைக்கும் எலும்புக்கும் நடுவில் கறுப்பாக ஒரு இடைவெளி தெரிந்தது. இளம் டாக்டர் ஒருவர், முன்பு தாமதித்துச் சொன்ன அதே டாக்டர், அந்த இடைவெளியை நோக்கி விரலை நீட்டினார். இயக்குநர் அந்த விரலைப் பார்த்ததும் அவர் அதை மடக்கிக்கொண்டார்.

"சில பேரோட எலும்பு தாராளமா இருக்கும். சில பேரோடது கொஞ்சம் கருமி" என்றார் இயக்குநர். "உங்களைக் குத்தம் சொல்லலை. பிறவி அப்படி."

பெயிண்டருக்கு வலியைவிட அந்தச் சொல்தான் உறைத்தது. ஜன்னலுக்கு மட்டும் கூலி பேசிவிட்டுக் கதவுக்கும் சேர்த்து அடித்துக் கொடுத்துவிட்டு வருகிற ஆள் அவர். வேனில் வீட்டுக்குப் போகும்போது, இறங்கும் இடம் வந்ததும், "நான் கருமியாம்மா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"யார் சொன்னது?"

"எலும்பு."

மச்சான் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "திரும்பிப் போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரட்டா மாமா?" என்றான். பெயிண்டர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். பெரிய டாக்டர், தெரியாமலா சொல்வார்.

எலும்பு கருமி என்று முடிவான பிறகு, வீட்டுச் சூழலைப் பார்க்க விருந்தோம்பல் அலுவலர் நேரில் வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, அறையைச் சுற்றிப் பார்த்து, பெயிண்டரின் காலுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வீட்டுல சண்டை உண்டா?"

"சண்டை இல்லாத வீடு எங்க மேடம் இருக்கு?" என்றாள் மனைவி.

"இவர் பக்கத்துல பெருமூச்சு விடுவீங்களா?"

மனைவி யோசித்தாள். "விடுவேன்."

"அதைத்தான் குறைச்சுக்கணும். வந்தவருக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. தன்னாலதான் இந்த வீட்டுல கஷ்டம்னு நினைச்சுக்க மாட்டாரா?"

மனைவி நாள் முழுக்க நின்று இஸ்திரி போட்டுவிட்டு வந்திருந்தாள். கை இன்னும் சூடாக இருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "மேடம், நான் படிக்கலை. ஒரே ஒரு தடவை அந்தக் கீழ்ப்பக்கத்தைத் திறந்து பாருங்களேன். ஆடுதுன்னு சொல்றார். பொய் சொல்ற மனுஷன் இல்லை."

"விருந்தாளி உள்ள தூங்கிட்டிருக்கும்போது கதவைத் திறந்து திறந்து பார்ப்பாங்களாம்மா?" என்றார் அலுவலர் அதே மெல்லிய குரலில்.

மனைவி பெருமூச்சு விட்டாள். அலுவலர் அதையும் கவனித்துக்கொண்டார்.

அதற்கடுத்து வெளியிலிருந்து நிலையத்துக்கு ஒரு பார்வையாளர் குழு வந்தது. உலோகம் வைத்தவர்களில் யாராவது ஊன்றுகோல் இல்லாமல் நடந்து காட்ட வேண்டும். நடக்கக்கூடியவர்கள் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் இருந்தவர் பெயிண்டர்தான். அவரை அழைத்துவந்து, காலில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, நீளமான வராந்தாவின் ஒரு முனையில் நிறுத்தினார்கள். அவர் நடந்தார். நறுக், நறுக் என்றது. வலிக்கவில்லை, சத்தம் மட்டும் உடம்பு வழியாகக் காதுக்கு வந்தது. பார்வையாளர்கள் கைதட்டினார்கள். இன்னொரு முறை நடந்து காட்டச் சொன்னார்கள். கேமரா சரியாகப் பிடிக்கவில்லை என்று பிறகும் ஒரு முறை. பெயிண்டருக்கு வெட்கமாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. தன் எலும்புக்கு வந்த கெட்ட பெயர் இன்றோடு போய்விடும் என்று நினைத்தார்.

மரப்பு விட்டதும் கால் வீங்கியது. தையல் போட்ட இடம் பிரிந்து சீழ் வடிந்தது. காய்ச்சலில் அவர் ஏதேதோ பேசினார். வாங்க, உட்காருங்க என்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மச்சான் வேனில் பின் இருக்கையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவரைப் படுக்க வைத்து நிலையத்துக்குக் கொண்டுபோனான்.

இயக்குநர் அன்றைக்கும் முதலில் திரையைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"நிலைமை மோசமா இருக்கு" என்றார் மனைவியிடம். "சீழ் மேல ஏறுது. உடனே வெளிய எடுத்தாகணும். தனியா எடுத்தா அவருக்குச் சேதம் வரும். சுத்தி இருக்கிறதோட சேர்த்து எடுக்கிறதுதான் மரியாதை."

"சுத்தி இருக்கிறதுன்னா?"

"கால்" என்றார் இயக்குநர்.

"எடுக்கலைன்னா?"

"வீட்டுக்காரர் உயிருக்கே ஆபத்து." அதையும் அவர் உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார்.

முட்டிக்குக் கீழே நாலு விரற்கடை விட்டு எடுத்தார்கள். பெயிண்டர் கண்விழித்தபோது போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் கிடந்தது. இந்த முறை திரை முன்னால் யாரும் வந்து நிற்கவில்லை. அறையில் ஒரு கும்பலும் இல்லை. அந்த இளம் டாக்டர் மட்டும் வந்து, கட்டைப் பிரித்துப் பார்த்து, திருப்பிக் கட்டிவிட்டு, ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி நின்றார். பிறகு, "தண்ணி நிறைய குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சில மாதங்கள் கழித்து நிலையத்தின் ஆண்டு விழா வந்தது. கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் மேடையில் வைத்து வழங்கப்படும், வராதவர்களுக்குத் தனியாகக் கிடையாது என்று அலுவலர் தொலைபேசியில் சொன்னார்.

"போகாதீங்க. கேட்டா எங்கயாவது கிடைக்கும்" என்றாள் மனைவி.

"எங்க கேட்கிறது?" என்றார் பெயிண்டர்.

போனார்கள். குளிர்பதன அரங்கு. மேடையில் வெல்வெட் விரித்த மேசை மேல் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்கு மேலே தனி விளக்கு. பெட்டிக்குள் சாம்பல் நிறத் துண்டு ஒன்று இருந்தது. பெயிண்டருக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நிலையத்தில் நூறு துண்டுகள் இருக்கலாம், ஆனால் இது தன்னுடையது.

அவருக்குப் பக்கத்து நாற்காலியில் பஸ் கண்டக்டராக வேலை பார்க்கும் ஓர் அம்மாள், காலில் இரும்புச் சட்டம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் அவருக்கு அறுவை சிகிச்சை. "படியில நிக்கும்போது லாரி உரசிடுச்சுங்க" என்று தானாகவே சொன்னார். "இவங்க வைக்கிறது நல்லா இருக்குமாமே?"

பெயிண்டர் பதில் சொல்வதற்குள் இயக்குநர் பேச எழுந்தார்.

"பெரியோர்களே, இந்த ஆண்டும் நமது நிலையத்தின் வெற்றி விகிதம் நூற்றுக்கு நூறு. நாம் வைத்த உள்வைப்புகளில் ஒன்றுகூட உடையவில்லை, வளையவில்லை, துருப்பிடிக்கவில்லை. வீட்டுக்காரர்கள் சிலருக்குச் சில இழப்புகள் ஏற்பட்டிருக்கலாம். அது வேறு துறை. இதோ, இந்தப் பெட்டியில் இருப்பவரைப் பாருங்கள். கடுமையான சீழ், காய்ச்சல், ஒத்துழைக்காத சூழல், எல்லாவற்றையும் தாங்கி ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்திருக்கிறார்."

கைதட்டல்.

"இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவரை அறுத்துப் பார்த்தபோது எங்களுக்கே ஆச்சரியம். மேல் முனையில் எலும்பு எல்லா ஓட்டைகளிலும் புகுந்து நிறைந்திருந்தது. நான் இதுவரை பார்த்ததிலேயே அதிகமான வளர்ச்சி. கீழ் முனையில் மட்டும் சிறு இடைவெளி. அதற்குக் காரணம் உண்டு. சரியான அளவுத் துண்டு அன்றைக்குக் கண்காட்சிக்குப் போயிருந்தது. ஒரு சுற்றுச் சிறியதைத்தான் வைக்க முடிந்தது. சிறியதாக இருந்தும் இவர் உடையவில்லை என்றால், நமது தொழில்நுட்பத்தை எண்ணிப் பாருங்கள்."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. விருந்தோம்பல் அலுவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இளம் டாக்டர் கடைசி வரிசையில் உட்கார்ந்தபடியே தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயிண்டர் மனைவி பக்கம் சாய்ந்தார். "கருமி இல்லையாம்மா" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றாள் மனைவி.

பிறகு அவரை மேடைக்கு அழைத்தார்கள். செயற்கைக் காலைப் பரிசுக் கோப்பை மாதிரி இரண்டு கையாலும் நீட்டி இயக்குநர் கொடுக்க, படம் எடுத்தார்கள். முன்னாள் வீட்டுக்காரர் என்ற முறையில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பெயிண்டர் கண்ணாடிப் பெட்டியின் அருகே போய்க் குனிந்தார். மேல் முனையின் ஓட்டைகளுக்குள்ளே வெள்ளையாக, அரிசி அப்பியது மாதிரி, அவருடைய எலும்பு இருந்தது. இன்னும் பிடியை விடவில்லை. அவர் கண்ணாடியில் கையை வைத்தார். காவலாளி, "தொடக்கூடாதுங்க" என்றார்.

மைக்கின் முன்னால் வந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தச் சரியான அளவு, கண்காட்சிக்குப் போனது, திரும்பி வந்துடுச்சுங்களா?"

"வந்துவிட்டது" என்றார் இயக்குநர் மலர்ந்த முகத்தோடு. "வாசல் கூடத்தில் வைத்திருக்கிறோம். போகும்போது அவசியம் பாருங்கள். நமது முதல் படைப்பு என்பதால் அதை யாருக்கும் வைப்பதில்லை."

பெயிண்டர் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தார். கண்டக்டர் அம்மாள் கைதட்டுவதை நிறுத்தியிருந்தார். ஒரு கையால் தன் காலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தார்.

"நான் என்ன செய்யட்டும்?"

"மயக்க ஊசி போடறதுக்கு முன்னாடி அளவைக் கேளுங்க" என்றார் பெயிண்டர். "படத்தோட வச்சுக் காட்டச் சொல்லுங்க. எவ்வளவு கோபப்பட்டாலும் கேளுங்க."

அந்த அம்மாள் மறுநாள் கேட்டிருக்கிறார். பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை போட்டுப் பழகிய குரலில், ஆபரேஷன் மேசையில் படுத்துக்கொண்டே கேட்டிருக்கிறார். யாருக்கும் பதில் தெரியவில்லை. விருந்தாளி வருவதற்கு முன்பே அவரைச் சந்தேகப்படுகிறவர், எனவே விருந்தோம்பலுக்குத் தகுதியற்றவர் என்று முடிவு செய்து, அவரை மேசையிலிருந்து இறக்கி, பயிற்சி வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். வாரக்கணக்கில் வாங்க, உட்காருங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் பட்டறையிலிருந்து புதுத் துண்டுகள் வந்து சேர்ந்தன. அவர் அளவும் அவற்றில் இருந்தது. இளம் டாக்டர் அதைப் படத்தின் மேல் வைத்து அவருக்குக் காட்டிவிட்டுத்தான் வைத்தார். பயிற்சியின் பயனால் எலும்பு மனம் மாறியதாக நிலையம் ஒரு கட்டுரை வெளியிட்டது.

பெயிண்டர் இப்போது உயரத்தில் ஏறுவதில்லை. வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து ஜன்னல் கம்பிகளுக்கும் நாற்காலிச் சட்டங்களுக்கும் வண்ணம் அடித்துக் கொடுக்கிறார். செயற்கைக் கால் ஒரு சுற்றுப் பெரியது. துணியைச் சுற்றித்தான் மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒருநாள் அவர் ஒரு கதவுக் கம்பிக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தபோது கண்டக்டர் அம்மாள் தேடிக்கொண்டு வந்தார். ஊன்றுகோல் இல்லை. கொஞ்சம் சாய்ந்த நடை, ஆனால் நடை. முற்றத்தில் வந்து நின்று, நடந்ததையெல்லாம் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து மறுபடி பஸ்ஸுக்குப் போகப் போவதாகச் சொன்னார். சொல்லச் சொல்ல இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டார். கால் போனவர் முன்னால் தன் கால் தெரியும்படி இருக்கிறதே என்று நடுவில் சங்கடப்பட்டு, புடவையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

மனைவி உள்ளேயிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

பெயிண்டர் பிரஷ்ஷைக் கீழே வைத்திருந்தார். அவர் பார்வை அந்த அம்மாளின் பாதத்திலேயே இருந்தது.

"நிக்கட்டும் விடு" என்றார்.